தவறணையில் பாடிய பாட்டு

கள்ளுக்கடைக்குப் போகாதே என்று கெஞ்சுகிற பாட்டை எங்கள் பக்கத்தில் உரத்துப் பாடியவர்கள் தவறணைக்குள் இருந்தவர்கள்தான். ஒரு கையில் பிளா, மறு கையால் வாங்கில் தாளம். நித்தி கனகரத்தினத்தின் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ வன்னியில், கனகராயன்குளத்தில் அப்படித்தான் என் காதில் ஏறியது.

புத்தி சொல்லும் பாட்டுத்தான். ஆனால் தாளம் பைலா. போர்த்துக்கேயரோடும் அவர்கள் காலத்தில் வந்த ஆபிரிக்கரோடும் இலங்கையில் ஊறிய ஆட்டத் தாளம் அது. அதில் ஒப்பாரியை ஏற்றினாலும் கால் சும்மா நிற்காது. அந்தத் துள்ளலில் ஒரு கெஞ்சலை வைத்ததுதான் நித்தியின் குறும்பு. மனிசன் புத்தி சொல்கிறாரா, பகிடி விடுகிறாரா என்று கடைசிவரை பிடிபடாது.

இலங்கை வானொலி வழியாக இந்தப் பொப் பாட்டுகள் வீடுவீடாகப் போன காலத்தில் பெரிய பெயர் ஏ. ஈ. மனோகரனுடையது. அவருடைய ‘சுராங்கனி’ கடல் கடந்து, 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படம்வரை போனது. தமிழ்நாட்டில் அவர் ‘சிலோன் மனோகர்’. குரலில் மனோகரன்தான் ராசா, அதில் எனக்கு வழக்கில்லை. என்றாலும் என் ஓட்டு நித்திக்கே.

காரணம் ‘சின்ன மாமியே’. சினிமாப் பாட்டில் காதலன் நிலவோடு பேசுவான், மலரோடு பேசுவான். நித்தியின் ஆளோ முதலில் மாமியைத் தாண்டவேண்டும். எங்கள் ஒழுங்கைகளின் உண்மை நிலவரம் அதுதானே! தெரிந்த அண்ணை ஒருவர் மச்சாள் வீட்டுப் படலையடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு இதைச் சீட்டியடிப்பார். ஒருநாள் வேலிக்குள்ளால் மாமியே குரல் கொடுத்தா: “அவள் ரியூசனுக்குப் போட்டாள் தம்பி, நீர் வெயிலுக்க நில்லாமல் போம்.” பாட்டை எழுதியவர்கூட இவ்வளவு அளவாகப் பதில் எழுதியிருக்கமாட்டார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பற்றரி வன்னிக்குள் வராது, மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் கசெற் பாடும். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் பாட்டும் இழுபடும். ‘கள்ளுக்கடை’ ஓடும்போது அப்படி இழுபட்டால் நித்திக்கே வெறி ஏறினதுபோல நாக்குத் தடுமாறும். வேண்டுமென்றே கையைத் தளரவிட்டு, விழுந்து விழுந்து சிரிப்போம். செல் சத்தம் தூரத்தில் கேட்ட இரவுகளிலும் அந்தச் சிரிப்பு இருந்தது.

1997 மே மாதம் இராணுவத்தின் ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கை தொடங்கிய பிறகு ஊர் சிதறியது. நெல்லுச்சாக்கும் பாயும் தட்டுமுட்டும் ஏறிய உழவு இயந்திரங்களில் கசெற் பெட்டிக்கு இடமிருக்கவில்லை. சீட்டியடித்த அண்ணையும் மாமியும் எந்தெந்தத் திசையோ.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். நித்தி அவுஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். இன்று கைப்பேசியில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் புது வாத்தியம் பூசிய மறுபதிப்புகள். யார் வீட்டுப் பரணிலாவது பழைய இசைத்தட்டோ கசெற்றோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பூஞ்சணம் பிடிக்க முன்னம் பிரதி எடுத்து, நூலக நிறுவனம் போன்ற ஆவணப்படுத்துகிறவர்களின் கையில் சேர்த்துவிடுங்கள்.