காருக்கு மேம்பாலம், ராமுவுக்கு?

2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் என்ற செய்தி வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. டிவியில் பார்த்த வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து, மெக்கானிக்கிடம் அழுதவர்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆக, காரை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று ஒரு வட்டாரமே முடிவு செய்து வைத்திருக்கிறது. வீட்டில் இருக்கிற நாயை எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டால் மட்டும், "அப்போ பாத்துக்கலாம் சார்" என்கிறார்கள்.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், தரைத்தளம். பெருமழை என்றால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நிரம்பி, வடிய வேண்டிய தண்ணீர் தெருவிலேயே தேங்கும். வீட்டில் ராமு என்றொரு நாட்டு நாய், சுந்தரி என்றொரு பூனை. இரண்டையும் வைத்துக்கொண்டு அப்போ பார்த்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, மீட்புப் பேருந்துகளிலும் முகாம்களிலும் பிராணிகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. விட்டுவிட்டு வர மனமில்லாமல் பலர் தண்ணீர் ஏறிய வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மறு ஆண்டு வந்த சட்டம், பேரிடர்த் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. கருணையைவிட அதில் கணக்குதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும்; நாயை ஏற்றாவிட்டால் மனிதனும் ஏற மாட்டான். 2018 கேரள வெள்ளத்தில் திருச்சூரில் ஒரு பெண்மணி, தன் இருபத்தைந்து நாய்களையும் அழைத்துப் போவதானால்தான் வருவேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். பிறகு விலங்கு மீட்புக்காரர்கள் வந்துதான் எல்லோரையும் கரை சேர்த்தார்கள். நம் ஊர் முகாம் என்பது மாநகராட்சிப் பள்ளி, இல்லாவிட்டால் கல்யாண மண்டபம். நாயை உள்ளே விடுவார்களா என்பது அன்றைக்கு வாசலில் நிற்பவரின் மனசைப் பொறுத்தது.

மீட்புப் படகை நினைத்துப் பாருங்கள். காற்றடித்த ரப்பர் படகு. உள்ளே பாட்டி, கைக்குழந்தை, மூட்டை முடிச்சு. தெரியாத நாய் கடித்துவிடுமோ என்று மீட்க வந்தவர் தயங்குவதில் தப்பே இல்லை. அந்தத் தயக்கத்தைப் போக்குவது ஒரு வாய்க்கூடு. துணிப்பட்டை போல வாயை இறுக்கிக் கட்டுகிற வகை வேண்டாம். நாய்க்கு உடல் சூடு தணிவதே நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதில்தான். கூடை மாதிரி இடைவெளி விட்ட வகையில் இரைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். ஆனால் அதை வெள்ளத்தன்று முதன்முதலாக மாட்டப்போனால் நம் கையைத்தான் கடிக்கும். ராமுவுக்கு அதன் உள்பக்கத்தில் கொஞ்சம் தயிர்சாதம் அப்பித்தான் ஆரம்பித்தோம். இப்போது வாய்க்கூட்டைக் கையில் எடுத்தாலே மூக்கை நீட்டிக்கொண்டு வருகிறான். அதேபோலக் கழுத்துப் பெல்ட்டோடு, நெஞ்சைச் சுற்றி வருகிற பாடி பெல்ட்டும் பழகியிருக்கிறான். படகில் ஏற்ற கழுத்தைப் பிடித்துத் தூக்க முடியாது. முதுகுப் பட்டையைப் பிடித்துத் தூக்கலாம்.

பெல்ட்டில் போன் நம்பர் எழுதுவது எல்லோரும் செய்வதுதான். 2015இல் எங்கள் பக்கம் யார் போனும் வேலை செய்யவில்லை. அதனால் என் நம்பருக்குக் கீழே மதுரையில் இருக்கிற அண்ணன் நம்பரையும் பொறித்திருக்கிறோம். ஊரே மூழ்கினாலும் வெளியூர்ப் போன் அடிக்கும். தடுப்பூசி அட்டை, நானும் ராமுவும் சேர்ந்து நிற்கிற ஒரு போட்டோ, மாத்திரை எல்லாம் ஒரு ஜிப் கவரில், ஆதார் அட்டைகளோடு. தடுப்பூசி அட்டையில் எலிக்காய்ச்சலுக்கானதும் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. எலி மூத்திரம் கலந்த வெள்ளத் தண்ணீரில் நடந்தால் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சோறும் சிக்கனும் மட்டுமே தின்று வளர்ந்த நாய்க்கு, அவசரத்தில் திடீரென்று கடைத் தீனியைப் போட்டால் வயிறு கெடும். அவ்வப்போது கலந்து கொடுத்துப் பழக்கிவிட்டால் போதும். மிக்ஜாமின்போது பால் பாக்கெட்டுக்கே அலைந்தோம், சிக்கனுக்கு எங்கே போவது?

நாய் விஷயம் சுலபம். கூப்பிட்டால் வரும். பூனைதான் பெரும்பாடு.

தண்ணீர் வாசல்படியைத் தொட்டதும் நாம் என்ன செய்வோம்? கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றுவோம், ஃபிரிட்ஜை இழுப்போம், ஆளாளுக்குக் கத்துவோம். அந்தக் கலவரத்தில் சுந்தரி லாஃப்டில் பழைய வெங்கலப் பாத்திரங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள்; அப்புறம் தேவேந்திரனே வந்தாலும் இறங்க மாட்டாள். ஆகவே எங்கள் வீட்டில் வரிசை மாறிவிட்டது. முதலில் பூனையைப் பிடித்துப் பாத்ரூமில் விட்டுக் கதவைச் சாத்து, பிறகு ஃபிரிட்ஜைத் தொடு. அவளைத் தூக்கிப்போகிற கூடையும் பரணில் இல்லை. ஹாலில், கதவு திறந்தபடி, பழைய நைட்டி ஒன்றை விரித்து எப்போதும் கிடக்கிறது. பகல் தூக்கம் அதில்தான். பரணிலிருந்து கூடை இறங்கினாலே ஊசி போடத்தான் என்று எந்தப் பூனைக்கும் தெரியும். கூடை கைக்கு அகப்படாவிட்டால் தலையணை உறை இருக்கிறது: பூனையை உள்ளே விட்டு உறையின் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச தூரத்துக்கு மூச்சு முட்டாது, நகமும் நம்மேல் படாது.

கொண்டுபோகவே முடியாத நிலை வந்தால்? இதற்குப் பதில் டெல்டாவில் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: கயிற்றை அவிழ்த்துவிடு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஆடு மாடுகள் ஏராளமாய்ச் செத்தன. கட்டுத்தறியில் இருக்கிற மாட்டுக்குக் கொட்டகை சரிந்தாலும் போக வழியில்லை; அவிழ்ந்த மாடு மேடு தேடி நடக்கும். நகரத்தில் கேட்டுக்குள் சங்கிலி போட்டுவிட்டு, "சாயங்காலம் வந்துடுவோம்" என்று கிளம்புகிறவர்கள் அதை யோசிப்பதில்லை. மாடிப்படி திறந்திருக்க வேண்டும், மேலே ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்திருக்க வேண்டும், சங்கிலி கழன்றிருக்க வேண்டும். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று கதவில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டுப் போகலாம்.

எங்கே போவது என்பதைத்தான் கடைசியில் முடிவு செய்தோம். பரங்கிமலையில் சித்தி வீடு மேட்டில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே போன் போட்டேன்.

"சித்தி, எங்க தெரு முழுகினா ராமுவையும் சுந்தரியையும் கூட்டிட்டு வரலாமா?"

"நாய் வரட்டும்டா, மொட்டை மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. பூனை மட்டும் வேணாம். உங்க சித்தப்பா லவ் பேர்ட்ஸ் வளர்க்கறார், தெரியுமில்ல?"

ஆகவே சுந்தரி அண்ணாநகரில் என் மனைவியின் தோழி வீட்டுக்கு. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மண் தட்டும் அதற்கான மண்ணும் கூடவே வர வேண்டும். வழியில் இருக்கிற சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதற்கு முன்பே கிளம்பினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். ஆட்டோக்காரரிடம் கூடைக்குள் பூனை இருக்கிறது என்று ஏறுவதற்கு முன்பே சொல்வதா, இறங்கியபின் சொல்வதா என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து ஒற்றுமை இல்லை.