போல்ட் பூந்தால் போதுமா?



"சார், அம்பாசிடர் என்ன ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கார் 1978 மாடல். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். உங்களில் பலர் அதைத் தள்ளிவிட்டவர்கள்தான். போன வருடம் அந்த எஞ்சின் மொத்தமாகப் படுத்துவிட்டது. உத்தரபாராவில் 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனது. "எடைக்குப் போட்டுரலாம்ண்ணா" என்றான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. 1990-களில் அம்பாசிடரிலேயே வந்த 1817 சிசி இசுசு எஞ்சினை, அதன் ஐந்து கியர் பாக்ஸோடு வாங்கி மாற்றினேன். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது எஞ்சின் நம்பரையும் ஏற்றியாச்சு. யாரும் அதை விட்டுவிடாதீர்கள்.

அதே கார், அதே கம்பெனி, அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு எஞ்சினுக்கும் மவுண்ட் வேறு வேறு. வேலை எடுத்த பட்டறையில் பிராக்கெட்டை வெட்டி வெல்டு வைத்தார்கள். கடைசி போல்ட் துளைக்கு நேராக வரவில்லை. கடப்பாரையால் எஞ்சினை நெம்பி, போல்ட்டைத் தட்டி உள்ளே இறக்கினார்கள். பக்கத்தில் நின்று "ஆங், பூந்துருச்சு" என்று சந்தோஷப்பட்டவன் நான்தான்.

நின்ற இடத்திலேயே ஸ்டியரிங் நடுங்கியது. 60-ஐத் தாண்டினால் அடியில் உறுமல். இரண்டே மாதத்தில் மவுண்ட் ரப்பர் கிழிந்தது. புது ரப்பர் போட்டேன், அதுவும் கிழிந்தது. குலதெய்வம் கோயிலுக்குத் தாராபுரம் ரோட்டில் போகும்போது அம்மா சொன்னார்: "கண்ணு, என்னைய எறக்கி உட்ரு. பஸ்ஸுல போயிக்கறேன்."

அப்போதுதான் பழைய மாணவன் ஒருவன் வந்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். லேத் வைத்து, பனியன் கம்பெனி மெஷின்களுக்கு வேலை செய்கிறான். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏனுங்க சார், போல்ட்டு பூந்துருக்குது. எஞ்சின் உக்காரலீங்க."

எல்லா மவுண்ட் போல்ட்டையும் தளர்த்தினான். எஞ்சின் தானாகவே அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்தது. அத்தனை நாளும் அந்த இழுப்பை ரப்பர்தான் தாங்கியிருக்கிறது. இழுபட்டு நிற்கும் ரப்பர் அதிர்வை வாங்காது. அப்படியே பாடிக்குக் கடத்திவிடும்.

அடுத்து, மோட்டாருக்கும் புல்லிக்கும் பிடிப்பதுபோல முன்னாலிருந்து பின் ஆக்சில் வரை நூல் பிடித்தான். நூலுக்கு நம் ஊரில் பஞ்சமா! அதற்கு இணையாக இருக்க வேண்டிய எஞ்சின் கோணலாக நின்றது.

பிறகு சாய்வை அளந்தான். காரைத் தூக்கி வைத்து அளக்கவில்லை. நாலு சக்கரத்திலும் எடை இருக்கும்படி நிறுத்தித்தான் அளந்தான். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் யூ.ஜே. கிராஸ் இருக்கிறது. அது சாய்வாகச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட்டின் வேகம் இரண்டு முறை கூடிக் குறையும். முன்முனைக் கோணமும் பின்முனைக் கோணமும் சமமாக இருந்தால், ஒன்று செய்வதை இன்னொன்று சரிசெய்துவிடும். எங்கள் காரில் முன்னால் ஒரு டிகிரி, பின்னால் நாலு டிகிரி. மிச்சம்தான் அந்த உறுமல்.

"கியர் பாக்ஸும் பின் ஆக்சில் பினியனும் இணைகோடுங்க சார். ஷாஃப்ட்டு குறுக்குவெட்டி. ஒன்றுவிட்ட கோணம் சமமா இருக்கோணும். நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

34 வருடம் கணக்கு நடத்தியவன் வாயடைத்து நின்றேன்.

பிராக்கெட்டை அறுத்தெடுத்தான். கியர் பாக்ஸ் மவுண்டுக்கு அடியில் தகடு கொடுத்துக் கோணத்தைச் சமன் செய்தான். எஞ்சினின் முழு எடையும் ரப்பரில் இறங்கிய பிறகு, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பிராக்கெட்டுக்குப் பொட்டு வெல்டு மட்டும் வைத்தான். பிறகு எஞ்சினை இறக்கி முழு வெல்டு. சூட்டில் இரும்பு கொஞ்சம் இழுக்கும் என்று துளைகளை நீளவாக்கில் அறுத்திருந்தான். திரும்ப ஏற்றியதும் எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகி, எஞ்சினைச் சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டு, அது உட்கார்ந்த இடத்தில் வைத்து முறுக்கினான். ஃபேன் ரேடியேட்டரில் உரசுகிறதா, சைலன்சர் பைப் எஞ்சினைப் பிடித்து இழுக்கிறதா என்றும் பார்த்தான்.

போன ஞாயிறு அதே தாராபுரம் ரோடு. கொடுவாய் தாண்டுவதற்குள் அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டார். முன்சீட்டில் இருந்த தம்பி, "நாந்தான் ஓட்டுவேன், வண்டியக் குடு" என்றான்.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் அந்த மாணவனுக்கு நான் போட்டது 28 மார்க். ரேங்க் கார்டில் "கவனமில்லை" என்று எழுதி, அவன் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னேன். அன்று வீட்டில் அடி வாங்கினானாம். இப்போது சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடம் அவனுக்குள் பூந்துதான் இருந்தது. உட்கார நான்தான் நேரம் கொடுக்கவில்லை.

அந்த ரேங்க் கார்டை இனித் திருத்த முடியாது. அதனால் எல்லோரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். தம்பி, நீ கவனித்துத்தான் இருந்தாய். கவனிக்காதவன் நான்.