அறிவிலி வேடம்

போளூரைச் சுற்றியுள்ள ஊர்களில், திரௌபதி அம்மன் திருவிழா நாட்களில், விடிய விடியத் தெருக்கூத்து நடைபெறுவது வழக்கம். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை இக்கலைக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை வாசகர்கள் அறிவர். தோளில் புஜக்கட்டையும் தலையில் கிரீடமுமாய் வரும் துரியோதனன் நம் கண்களைக் கவர்கிறான். ஆயினும் கூத்தைத் தாங்கி நடத்துபவன் கட்டியங்காரன்தான். திரைக்குப் பின்னே மன்னன் பாடி முடித்ததும், ஏதும் அறியாதவனைப் போல, நீர் யார், எந்த ஊர், எதற்காக வந்தீர் என்று இவன் கேட்கிறான். இவன் அறியாமையால் கேட்கும் கேள்விக்கு மன்னன் விடை சொல்லும்போதுதான் கூடியிருக்கும் மக்களுக்குக் கதை விளங்குகிறது. கூத்திலே மிகக் குறைந்த அறிவுடையவனாகத் தோன்றுபவனுக்கே கதை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். அறிவிலி வேடம் எளிய வேடமன்று.

இந்தப் பழைய உண்மையை நமக்குப் புதிதாக நினைவூட்டியது ஓர் அந்நிய நாட்டு விளையாட்டு. வெளியூர்க் கல்லூரிகளில் படிக்கும் நம் பங்கு இளைஞர்கள் சிலர், விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, பங்கு மன்றத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தனர். சூதாட்டமோ என்று ஐயுற்று அருகில் சென்றோம், அது கதையாட்டம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி, தாம் என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்லி ஆடுகின்றனர். மாந்தர் ஒவ்வொருவருக்கும் வலிமை, சுறுசுறுப்பு, உடல் திண்மை, அறிவுத்திறன், விவேகம், ஆளுமைக் கவர்ச்சி என ஆறு குணங்கள். மூன்று பகடைகளை உருட்டி ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 18 வரை மதிப்பெண் இடுவது அதன் தொடக்க கால முறை.

அன்று பொறியியல் படிக்கும் ஒரு தம்பிக்கு அறிவுத்திறனில் 5 விழுந்தது. கணக்கில் கெட்டிக்காரனான அவன் மந்தபுத்தி உள்ளவனாக நடிக்க வேண்டும். அவன் என்ன செய்தான்? வாயைக் கோணலாக்கினான், சொற்களை இழுத்து இழுத்துப் பேசினான், கண்ட கதவையெல்லாம் முட்டினான். நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். மன்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மகனுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது; எழுத்தும் எண்ணும் அவனுக்குக் கைகூடவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நம்மிடம் வந்து, “சாமி, எம் புள்ள இப்பிடியா இருக்கறான்? அவனுக்குப் புரியலன்னா பேசாம நின்னுடுவான். யாரையும் முட்ட மாட்டான்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

இளைஞர்கள் தீய எண்ணம் உடையவர்கள் அல்லர். அந்த அம்மா சொன்னதைக் கேட்டுத் தலைகவிழ்ந்தனர். பிறகு, “அப்படியானால் எப்படித்தான் நடிப்பது, ஃபாதர்?” என்று கேட்டனர். நேர்மையான கேள்வி. அதற்கு விடை தேடியபோது நம் வீட்டுப் பெட்டகத்திலேயே அது இருப்பதைக் கண்டோம்.

இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழகம் வந்து, 1747 வரை வாழ்ந்த வீரமாமுனிவர், ‘தேம்பாவணி’ பாடிய அதே கையால் ‘பரமார்த்த குருவின் கதை’யையும் எழுதினார். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் பதிப்பித்தார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களை யார் மறப்பார்? ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று அறிய அவர்கள் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். அது ‘சுர்ர்’ என்று சீறுகிறது; ஆகவே ஆறு விழித்திருக்கிறது என்று முடிவு செய்கின்றனர். கரையேறியபின் எண்ணிப் பார்க்கிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுகிறான். ஆள் ஒன்று குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகின்றனர். கவனித்துப் பாருங்கள். இவர்களில் எவனும் வாயைக் கோணலாக்கவில்லை. சோதித்து அறிய வேண்டும் என்கிறார்கள்; சோதிக்கிறார்கள்; முடிவுக்கு வருகிறார்கள். தர்க்கத்தின் படிகள் ஒழுங்காகவே உள்ளன. முதற்படி மட்டும் தவறு. நண்பன் தொலைந்தான் என்று அவர்கள் விடும் கண்ணீரோ மெய்யான கண்ணீர். முனிவரின் எள்ளல் ஏழைக் குழந்தையின்மேல் பாயவில்லை. குருபீடத்தில் அமர்ந்துகொண்டு இதையெல்லாம் ஆமோதிக்கும் ஆசானின்மேல் பாய்கிறது.

இதுவே முதற்பாடம். குறைந்த அறிவுள்ளவனை நடிக்க விரும்புகிறவர், அவனுக்குத் தெரியாதவற்றைப் பட்டியலிடுவதை விடுத்து, அவனுக்கு எவை தெரியும், அவற்றிலிருந்து அவன் எங்ஙனம் சிந்திப்பான் என்று தேடட்டும்.

இரண்டாம் பாடத்தைத் திரைப்படம் தருகிறது. 1977-இல் பாரதிராஜா இயக்கிய ‘16 வயதினிலே’ படத்தில் கமல்ஹாசன் ஏற்ற வேடத்தை ஊரார் ‘சப்பாணி’ என்றே அழைப்பர். அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் உண்டு. அப்படி அழைப்பவரை அறைந்துவிடு என்று மயில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அவனுக்கும் மானம் உண்டு என்பதை அரங்கமே உணர்கிறது. நடையும் பேச்சும் வெளித்தோற்றமே. அவன் யாரை நேசிக்கிறான், எதற்கு நோகிறான் என்பதே வேடத்தின் உயிர்.

மூன்றாம் பாடம் அந்த விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது. அறிவுத்திறனும் விவேகமும் அங்கே இரு வேறு எண்கள். நினைவாற்றலும் பகுத்தாய்தலும் முதலாவதற்கு உரியவை. கூர்ந்து நோக்குவதும் பிறர் உள்ளத்தை உணர்வதும் இரண்டாவதற்கு உரியவை. ஒன்றில் 5 பெற்றவன் மற்றதில் 16 பெறலாம். குருமடத்தில் இலத்தீன் மொழியோடு போராடித் தோற்று, இவர் தேறுவாரா என்று ஐயுறப்பட்டு, 1815-இல் ஒருவாறு குருப்பட்டம் பெற்ற புனித ஜான் மரிய வியான்னியை எண்ணிப் பார்க்கிறோம். ஆர்ஸ் என்னும் சிற்றூரில் அவரது பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடிப் பிரான்சு நாடெங்குமிருந்து மக்கள் வந்தனர். இவருக்கு எந்த எண்ணை இடுவது?

எண் இடுவதிலும் எச்சரிக்கை தேவை. 1905-இல் பாரிஸ் நகரில் பினே, சிமோன் என்னும் இருவர் முதல் அறிவுத்தேர்வை அமைத்தது, தனிக் கவனிப்பு தேவைப்படும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டறிவதற்காகவே. பின்வந்தோர் அதனை மனிதரைத் தரம்பிரிக்கும் முத்திரையாக்கினர். நம் ஊரிலும் அம்முத்திரை உண்டு. ஜமுனாமரத்தூரிலிருந்து தேனும் புளியும் சாமையும் கொண்டு இறங்கிவரும் மலைமக்களை, ஒன்றும் அறியாதவர்கள் என்று சமவெளியார் பலர் கருதுகின்றனர். பள்ளி நாடகங்களில் அவர்களை அவ்வாறே நடித்தும் காட்டுகின்றனர். எந்தச் சரிவில் எப்போது சாமை விதைப்பது, எந்தப் பாறையில் தேனடை இருக்கும் என்று நம்மைக் கேட்டால், நமக்கு 3-க்கு மேல் மதிப்பெண் கிடைக்குமா?

இனி, விளையாடுவோருக்கு ஏற்படும் ஓர் இக்கட்டு. கதையில் ஒரு புதிர் வருகிறது. ஆடுபவனுக்கு விடை தெரிகிறது. அவன் ஏற்ற மாந்தனுக்குத் தெரியாது. சொல்லிவிட்டால் வேடம் பொய்யாகும். சொல்லாவிட்டால் நா அரிக்கும். அந்தத் தம்பி மறுநாள் ஆட்டத்தில் ஒரு வழி கண்டான். விடையைச் சொல்லாமல், கட்டியங்காரனைப் போல ஒரு கேள்வி கேட்டான்: “இந்தக் கதவைச் செய்தவன் எந்த வழியாக வெளியே போனான்?” அதைப் பற்றிக்கொண்டு, எப்போதும் பேசாதிருக்கும் மற்றொருவன் புதிரை விடுவித்தான். அன்று சிரிப்பு குறையவில்லை. ஆனால் அந்த அம்மா இருந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். தெரிந்ததை அடக்கிக்கொண்டு பிறர் ஒளிர இடம் கொடுப்பது, படித்தவர்களாகிய நாம் அனைவரும் கற்க வேண்டிய தவம்.

சட்டமும் இத்திசையில் நடந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுத்திய ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்னும் வழக்கு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ‘அறிவுசார் குறைபாடு உடையவர்’ என மாறியது. 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றிய தீர்ப்பில், குறைபாட்டை விளங்கிக்கொள்ள உதவும் நகைச்சுவை வேறு, அவர்களை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. ஆகவே சிரிப்பைத் தடைசெய்ய வேண்டியதில்லை. யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம், யாரை வெளியே நிறுத்திவிட்டுச் சிரிக்கிறோம் என்பதே கேள்வி.

கிறிஸ்து பிறப்பு விழா நாடகங்களுக்கும் ஆண்டு விழாக்களுக்கும் பிள்ளைகளைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். அறிவிலி வேடத்தைக் குழுவிலேயே கூர்மையான பிள்ளைக்குக் கொடுங்கள். அவ்வேடத்துக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள். அவனுக்கு எது நன்றாகத் தெரியும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பிறகு ஒத்திகையைத் தொடங்குங்கள்.