சொந்தக் கலப்பை

தாப்பாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு லயத்து வீட்டின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் வீடு தோட்டத்துக்கே உரியது. வாசலில் நட்ட முருங்கைகூட அப்படியே. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது அந்த உண்மையைப் பல்லாயிரவர் பட்டறிந்தனர். அதற்கு விடையாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் சிறுகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது.

கணினியில் முதன்முதல் தமிழ் எழுதியவர்களும் ஒருவகை லயத்தில்தான் குடியிருந்தனர் என்றால் மிகையன்று.

தாப்பாவில் ஒரு தமிழாசிரியர். 1990களில் பள்ளி ஆண்டு மலரைத் தாமே தட்டெழுதி வட்டில் சேமித்தார். தோட்டத்து மூதாட்டியர் பாடிய தாலாட்டுகளையும் அதில் சேர்த்திருந்தார். பல்லாண்டு கழித்துப் புதிய கணினியில் அதைத் திறந்தார். தாலாட்டு இருந்த இடத்தில் கோடுகளும் கொக்கிகளுமே நின்றன! கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. எழுத்துருவை விற்றவர்கள் கடையை மூடிவிட்டிருந்தனர். பாடிய மூதாட்டியரும் மறைந்துவிட்டனர்.

அக்காலத்தில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. முற்பாதி ஆங்கிலத்துக்குப் போக, எஞ்சிய இடங்களில் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தமிழை அடுக்கினர். ஒருவருடைய ககரம் மற்றவருக்கு ஒற்றுக்குறி. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் தந்த ஒருங்குறி 1991இல் வெளிவந்தும், அது தமிழ் வீடுகளை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. அடுக்கியவர்களைப் பழிப்பது முறையாகாது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கியது போன்ற முயற்சிகள் இல்லையேல் கணினித் தமிழ் ஏது? எனினும், மூலநிரல் மூடியே இருக்குமாயின், ஆக்கியவர் கைவிடும் நாளில் பயன்படுத்துவோர் கையற்று நிற்பர்.

இந்தக் கையறுநிலையே கட்டற்ற மென்பொருளின் பிறப்பிடம். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன், தம் ஆய்வுக்கூடத்து அச்சுப்பொறியின் குறையைத் தாமே திருத்த விரும்பி மூலநிரலைக் கேட்டார்; மறுத்துவிட்டனர். 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். கட்டற்றது என்பது வேறு, இலவசம் என்பது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாதலால் அவர் வாழ்நாளெல்லாம் விளக்கம் சொல்ல நேர்ந்தது. தமிழுக்கு அந்த இடர் இல்லை.

தமிழிலும் அத்தகையோர் எழுந்தனர். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த முகுந்தராஜும் ‘தமிழா’ குழுவினரும் எ-கலப்பை என்னும் தட்டச்சுக் கருவியைத் தந்தனர். தொடக்கத்தில் அது பிறர் உரிமையிலிருந்த ஓர் இயக்கியின் மேல் அமைந்திருந்தது. அதனால், பின்னர் அதை விடுத்து, மூலம் திறந்ததாகவே புதிதாக எழுதினர். ஊதியம் இல்லை, பகலில் வேறு தொழில், இரவில் இவ்வுழவு. புகழாசையும் சிறிது இருந்திருக்கலாம், இருந்தால்தான் என்ன? தமிழுக்கென ஒரு திரையை மொழிபெயர்க்கப் பெருநிறுவனங்கள் வரும்வரை காத்திருக்க அவர்களுக்கு மனம் இல்லை.

தன்னார்வலர் சோர்வதும் உண்டு. வேலை மாறும், பிள்ளை பிறக்கும், பணி பாதியில் நிற்கும். ஆனால் மூலம் திறந்திருப்பதால் வேறொருவர் தொடரலாம். 2010இல் ஓப்பன் ஆபிசை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. தோட்டம் கைமாறிய கதைதான். ஆனால் இங்கே குடியிருந்தோர் மூட்டை கட்டவில்லை. அதே மூலநிரலைக் கொண்டு அவ்வாண்டிலேயே லிப்ரெ ஆபிசைத் தொடங்கினர்.

தாப்பா ஆசிரியரின் மலரும் அவ்வழியே மீண்டது. அந்தப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி எங்கும் கிடைக்கவில்லை. பழைய மாணவன் ஒருவன், கட்டற்ற மாற்றி ஒன்றின் மூலநிரலைப் பிரித்து, கரையான் தின்றதுபோக எஞ்சிய நான்கு அச்சுப் பக்கங்களைக் கோப்புடன் ஒப்பிட்டு, எழுத்து எழுத்தாக அட்டவணை அமைத்தான்; பிறர்க்கும் பயன்படட்டும் என்று அதை வெளியிட்டான். அந்த நான்கு பக்கங்களில் வராத எழுத்துகள் ஏழெட்டு இருந்தன. அவை வந்த இடங்களில் ஆசிரியரே, மூதாட்டியர் பாடிய மெட்டை முணுமுணுத்து, விடுபட்ட எழுத்தைச் சொன்னார்.