கோட்டை இருந்த இடத்தில் ஹோட்டல்

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கோவளம் வருகிறது. மாமல்லபுரம் பார்க்கும் அவசரத்தில் பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. நாம் இறங்கினோம். தாஜ் கம்பெனியார் 1974-ல் திறந்த 'பிஷர்மேன்ஸ் கோவ்' ஹோட்டல் இவ்வூரில்தான் இருக்கிறது. 'மீனவர் துறை' என்று தமிழில் சொல்லலாம்.

இது பழைய கோட்டையொன்று இருந்த இடம். டச்சுக்காரர் கோட்டை என்பது விளம்பரங்களின் வாக்கு. பழைய கெஜட்டியரோ, நவாப் அன்வருதீன் கட்டிய 'சாதத் பந்தர்' கோட்டை என்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் அதைத் தந்திரத்தால் பிடித்தனர். 1752-ல் கிளைவ் அதைக் கைப்பற்றினான்; செங்கல்பட்டுக் கோட்டையும் அவ்வருஷமே அவன் வசமாயிற்று. கோவளத்து மதில்களுக்கு வெடிவைத்துத் தகர்த்து விட்டார்கள். டச்சுப் பெயரில் விருந்தாளிகளுக்கு என்ன கவர்ச்சியோ, நாம் அறியோம். கட்டியவன் பெயரைச் சொல்லும் கல் ஒன்று வாசலில் நாட்டினால் ஹோட்டலின் மதிப்புக் குறைந்துவிடாது.

இனி, முதுமையின் கதை. இக்கரையில் கட்டடங்களுக்குச் சத்துரு உப்புக் காற்று. சிமெண்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை உப்பு எட்டிவிட்டால் கம்பி துருவேறிப் பருக்கிறது. மேலுள்ள காரை வெடித்து உதிர்கிறது. கருங்கல்லுக்கே விமோசனமில்லை! மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை ராஜசிம்ம பல்லவன் எழுப்பி 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அதன் சுவர்களில் தொல்பொருள் இலாகாவினர் காகிதக் கூழை அப்பி, ஊறிய உப்பை வெளியே இழுக்கிறார்கள். கோயிலுக்கே இந்தச் சிகிச்சை என்றால் ஐம்பது வயது ஹோட்டல் எம்மாத்திரம்?

ஹோட்டலுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. கொழும்பில் கடலைப் பார்த்து நிற்கும் கால்பேஸ் ஹோட்டல் 1864-ல் தோன்றியது. அங்கே பழமையை அனுபவிக்கவே ஜனங்கள் போகிறார்கள். ஐம்பது வயதில் அந்தப் பெருமை வராது; புதுமையும் போய்விடும். ஆகவே அடிக்கடி புதுப்பித்தாக வேண்டும். 2019 அக்டோபர் 12-ந் தேதி பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சம்பாஷித்தது இந்த ஹோட்டலில்தான். அது சரித்திரத்தில் ஏறிவிட்டது; அறையின் வர்ணம் அதனால் நிலைக்குமா?

நம் அபிப்பிராயத்தில், கடலோரத்துக்குப் பொருந்துபவை தாழ்ந்த குடில்களே. காற்றுக்கு அவை முகம் கொடுப்பது குறைவு. ஒன்று பழுதானால் அதை மட்டும் செப்பனிடலாம். கோவளத்து மீனவர்கள் இதைக் கட்டுமரத்திலேயே கண்டவர்கள். அதில் இரும்பாணி கிடையாது. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்துவார்கள். இற்றுப்போன கட்டையை மட்டும் மாற்றுவார்கள்.