கானல்வரிக்குப் பின்னால் ஒரு கடல்

பூம்புகாரில் 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் உட்சுவர்களில் கண்ணகி கதை 49 கற்சிற்பங்களாக நிற்கிறது. வெளியூரிலிருந்து வருவோர் எழுநிலை மாடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். உள்ளே ஒரு சுற்றுச் சுற்றுவர். பிறகு கடல் பார்க்கப் போய்விடுவர். ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களை அழைத்துச் செல்லும் நாங்களும் ஏறத்தாழ அதையேதான் செய்துவந்தோம். சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் மட்டும், ஒரு சிற்பத்துக்கும் அடுத்த சிற்பத்துக்கும் இடையே இருக்கும் வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம். காவலர் வந்து, "அங்கே ஒன்றும் இல்லையே ஐயா" என்றார். அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் சிக்கல்.

நாங்கள் என்றால் நால்வர். தமிழ் முதுகலை படித்து, நாற்பதைக் கடந்து, கல்லூரியில் காப்பியம் நடத்தும் ஆசிரியர் ஒருவர். இளங்கலைத் தமிழ் படிக்கும் மாணவர் மூவர். எழுதுவது ஆசிரியர்தான். ஆனால் செய்த தவறுகளில் தங்களுக்கும் பங்குண்டு என்று மற்ற மூவரும் வாதிட்டதால் 'நாங்கள்' என்றே எழுதிச் செல்கிறோம். தை மாதத்து முத்தமிழ் விழாவில் கானல்வரியை இரண்டு நிமிடக் கேலிச்சித்திரப் படமாகத் திரையில் காட்டுவதென்று, எந்த மென்பொருளையும் தொட்டுப் பார்க்கும் முன்பே துறைத்தலைவரிடம் வாக்குக் கொடுத்திருந்தோம்.

எங்களுள் மூத்தவருக்கு இதில் பழைய கடன் ஒன்றும் உண்டு. அவர் முதுகலை படித்த காலத்தில் ஊருக்கு ஊர் கணினிப் பயிற்சி நிலையங்கள் முளைத்திருந்தன. வாசல் பலகைகளில் ஃபிளாஷ் என்ற சொல் தவறாமல் இருக்கும். 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற பெயரில் வெளிவந்து, மேக்ரோமீடியா வாங்கியபின் ஃபிளாஷ் ஆன மென்பொருள் அது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் முக்கி முனகி வந்த நாட்களில், அசையும் படத்தைச் சில கிலோபைட்டுகளுக்குள் அடக்கித் தந்தது. பயிற்சிக் கட்டணம் மூன்று மாத விடுதிச் செலவுக்குச் சமமாக இருந்தது. தமிழ் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று மேசைக்குப் பின்னாலிருந்தவர் கேட்டார். கேட்டவருக்கு விடை சொல்லத் தெரியாமல் வந்த நாள் அது. 2020 இறுதியோடு ஃபிளாஷ் பிளேயருக்கும் முடிவு வந்துவிட்டது. கற்கத் தவறிய ஒன்று நாம் கற்கும் முன்னரே செத்துப் போவதில் சிறிய ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது எங்களுக்குக் கிடைத்தது சின்ஃபிக் ஸ்டூடியோ. ராபர்ட் குவாட்டில்பாம் என்னும் அமெரிக்கர் தம் வோரியா ஸ்டூடியோஸ் என்ற சிறு நிறுவனத்துக்காக எழுதியது. நிறுவனம் 2004இல் மூடப்பட்டது. மறு ஆண்டு அவர் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார். காசில்லை என்பதும், ஆய்வகத்தின் பழைய கணினிகளிலும் ஓடியது என்பதும் எங்களுக்குப் போதுமான தகுதிகளாக இருந்தன.

இவ்வகை மென்பொருளை வெக்டர் வகை என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வெக்டர் என்றே எழுதுகின்றன. அகராதிகளில் திசையன் என்றிருக்கிறது. ஈழத்துக் கணக்குப் புத்தகங்களில் காவி. மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தும் பொருள் விளங்கவில்லை. விளங்கவைத்தது கோப்புதான். சின்ஃபிக்கின் கோப்பு வெறும் எழுத்தாலான கோப்பு. அதைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தபோது கோவலனைக் காணோம். வரிவரியாக எண்கள் நின்றன. மூக்கின் நுனி இரண்டு எண்கள். அந்த நுனியிலிருந்து கோடு எந்தத் திசையில், எவ்வளவு விசையோடு புறப்பட வேண்டும் என்பதற்கு இன்னும் சில எண்கள். நிழற்படத்தைப் போலப் புள்ளி புள்ளியாக நிறத்தைச் சேமிப்பதில்லை. கோட்டை வரையும் விதியைச் சேமிக்கிறது. அதனால்தான் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதைவதில்லை. படம் என்று நாங்கள் நினைத்திருந்தது எழுத்தாக இருந்தது. தமிழாசிரியருக்கு அன்று மாலை வரை நீடித்த மகிழ்ச்சி அது.

கோட்டை வளைப்பதற்கு ஆரஞ்சு நிறப் புள்ளிகளும், அவற்றிலிருந்து நீளும் கம்பிகளின் முனையில் மஞ்சள் புள்ளிகளும் உண்டு. கோடு ஆரஞ்சுப் புள்ளி வழியே போகும். மஞ்சளைத் தொடாது, அதன் இழுப்புக்கு வளையும். ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியரும், சித்ரோயென் நிறுவனத்தில் அவருக்குச் சற்று முன்னதாகவே பால் த காஸ்தல்ஜோவும் மோட்டார் வண்டிகளின் உடல் வளைவுக்காகக் கண்ட கணக்கு இது. எங்களுள் இரண்டு ஆண்பிள்ளைகள் மஞ்சள் புள்ளியை இழுத்துக் கண்ணகியின் தோளைப் பூசணிக்காய் ஆக்கிக்கொண்டிருக்கையில், மூன்றாமவளான மாணவி மட்டும் முதல் நாளே கையை ஓட்டிவிட்டாள். "சிக்குக் கோலம்தானே ஐயா, புள்ளிமேல கோடு போகாது, புள்ளியைச் சுத்திப் போகும்" என்றாள். கோலத்துக்கும் கணினிக்கும் உறவு புதிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974லேயே கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்து ஆய்வுரை வெளியிட்டிருக்கிறார்கள். வாசலில் தினமும் அவள் செய்துவந்தது என்ன என்று எங்களில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

அசைவுக்கு வருவோம். முதலில் விழுந்த பள்ளம் எல்லோரும் விழுவதுதான். திரையின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சிறு மனித உரு இருக்கும். அதைச் சொடுக்கினால் சிவப்பாகும். படப்பரப்பைச் சுற்றிச் சிவப்புச் சட்டமும் தோன்றும். அப்போது செய்யும் மாற்றந்தான் காலத்தோடு சேர்ந்த மாற்றம். பச்சையாக இருக்கையில் செய்வது எல்லாக் காலத்துக்கும் பொருந்திவிடும். இதை அறியாமல் இரண்டாவது நொடியில் கோவலன் கையைத் தூக்கி வைத்தோம். தொடக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கும் கை தூக்கியே இருந்தது. பிறகு அறிந்துகொண்டு, சிவப்பிலேயே விட்டுவிட்டு, மூக்குச் சரியில்லையே என்று சற்று நீட்டினோம். ஓட்டிப் பார்த்தபோது, யாழ் வாசிக்கும் கோவலனின் மூக்கு இரண்டு நொடிக்கு மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே போயிற்று. புதிதாகத் தொடங்குவோர்க்கு எங்கள் பரிந்துரை ஒன்றே: எதைத் தொடுவதற்கு முன்பும் அந்த மனிதனின் நிறத்தைப் பாருங்கள். இறந்தகாலம், எதிர்காலம் என்று பாகுபடுத்தி இருபது ஆண்டு வகுப்பெடுத்தவருக்கே இந்தத் தடுமாற்றம்.

நொடிக்கு 24 சட்டகம். இரண்டு நிமிடத்துக்கு 2,880 படங்கள். டிஸ்னி போன்ற பழைய படக்கூடங்களில் மூத்த ஓவியர் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். இடைப்பட்ட படங்களை வரைய இளையவர்கள் இருப்பார்கள். சின்ஃபிக்கில் அந்த இளையவர் வேலையைக் கணினி செய்கிறது. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் கொடுத்தால் நடுவிலுள்ளதை நிரப்பிவிடும். கலைக்கூடத்துச் சிற்பிகள் கொடுத்ததும் முக்கிய நிலைகளைத்தான். இடைப்பட்டதைப் பார்வையாளர் தம் நடையால் நிரப்பிக்கொள்கிறார். வெற்றுச் சுவரின் முன் நாங்கள் நின்றது அதனால்தான்.

கானல்வரியின் கதை தெரிந்ததே. இந்திர விழா முடிந்த நாளில் கடற்கரைக்கு வந்த கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறானோ என்று மாதவி ஐயுறுகிறாள். அவளும் தன் மனத்தில் வேறொருவன் இருப்பதுபோலப் பாடிக் காட்டுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். யாழில் விரல் செய்யும் தொழில்களை இளங்கோ வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று எட்டாகப் பிரித்துத் தருகிறார். அசைவோவியருக்கு இதைவிட நல்ல குறிப்பு யார் தருவார்? ஆனால் அடியார்க்கு நல்லார் உரை இப்பகுதிக்குக் கிடைக்கவில்லை. அரும்பதவுரையை வைத்துக்கொண்டு எட்டையும் அசைக்கப் பார்த்து, இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். எலும்பு அடுக்கு என்றொரு வசதி உண்டு: கை, முழங்கை, தோள் என்று மூட்டுப் பூட்டிவிட்டால் உரு மடங்கும். தோல்பாவைக் கூத்தில் மூங்கில் குச்சியால் இயக்கும் ஆட்டுத்தோல் உருக்களின் முறைதான் அது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கடினமாக இருந்தது அவன் எழுந்து போவது. உட்கார்ந்த நிலை ஒன்று, நின்ற நிலை ஒன்று கொடுத்தோம். கணினி அவனைச் சீராக, மின்தூக்கியில் ஏற்றுவதுபோல, மேலே கொண்டுவந்து நிறுத்தியது. அதில் கோபமும் இல்லை, பிரிவும் இல்லை. இரு நிலைகளுக்கு நடுவே எப்படிப் போக வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கும் வகைகள் வைத்திருக்கிறார்கள். ஒரே வேகத்தில் போவது ஒன்று. போகாமலே இருந்து சட்டென்று மாறுவது ஒன்று. முனைகளில் தயங்கி நடுவில் விரைவது ஒன்று. தயங்கும் வகையைத் தேர்ந்தோம். மாதவி பாடி முடித்தபின் அரை நொடி, 12 சட்டகம், கோவலன் அசையாமலே இருந்தான். அந்த அரை நொடியில் அவன் தலை அவள் பக்கம் சிறிது சாய்ந்து திரும்பியது. அவ்வளவுதான். ஆய்வகத்தில் யாரும் பேசவில்லை. இந்தக் காதையை எத்தனையோ முறை நடத்தியும், அவன் எழுவதற்கு முன் ஒரு கணம் இருந்திருக்கும் என்பதை வகுப்பில் நாங்கள் சொன்னதே இல்லை.

அந்தக் களிப்பில் எல்லாவற்றுக்கும் தயக்கத்தைப் பூசினோம். திரைச்சீலை தயங்கியது, நிலவு தயங்கியது. பின்னணிக் கடலுக்கும் அதையே கொடுத்தோம். கடல் எளிய வேலை என்றுதான் எண்ணியிருந்தோம். ஐந்து புள்ளி வைத்த ஒரு கோடு. கரைக்கு வந்த நிலை, உள்வாங்கிய நிலை, மீண்டும் வந்த நிலை. முதலும் முடிவும் ஒன்றாக இருந்தால் காலத்தை வளையமாகச் சுற்றும் அடுக்கு ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

கோல மாணவி இவ்வூர் மீனவர் குப்பத்துப் பெண். ஒரு மாலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நால்வரும் கடற்கரைக்குப் போனோம். அவளுடைய அம்மா கருவாட்டைத் திரட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். மகள் படத்தைக் காட்டினாள். யாழையும் மாதவியையும் விட்டுவிட்டு அவர் பின்னாலிருந்த கடலைப் பார்த்தார்.

"இது நிக்குது சார்" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. "உள்ள போன தண்ணி இப்புடி நிக்கக் கூடாது. அன்னிக்கு மொதல்ல வந்துட்டுப் போன தண்ணி அப்புடித்தான் உள்ள போயி நின்னுச்சு. மண்ணு தெரியுதேன்னு பாக்க எறங்குனாங்க." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

2004 டிசம்பர் 26. அன்று பூம்புகார் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் மாணவர் மூவரும் அதற்குப் பின் பிறந்தவர்கள். புகாரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலையில் நாங்கள் நடத்துகிறோம். சோழன் இந்திர விழாவை மறந்த காரணத்தையும் சொல்கிறோம். அதில் ஐந்து மதிப்பெண் வினா வரும். அந்த வினாவுக்கு விடையெழுதிய பெண்ணின் தாய் எதைப் பார்த்தார் என்பது எங்கள் பாடத்தில் இல்லை. திரும்பும் வழியில் மகளும் பேசவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று மறுநாள் சொன்னாள்.

விழாவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடலோர ஊர்க்காரர்கள். கடலை எடுத்துவிடலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். கடலில்லாமல் கானல்வரி ஏது? அவள்தான் உட்கார்ந்து மாற்றினாள். தயக்கத்தை நீக்கினாள். ஒரு கோட்டை இரண்டாக்கி, ஒன்றுக்கு மூன்று நொடி வளையமும் மற்றதற்கு நான்கு நொடி வளையமும் கொடுத்தாள். ஒன்று போகையில் மற்றது அதன்மேல் ஏறிற்று. பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறைதான் பழைய இடத்தில் சந்தித்தன. ஈரமணல் எங்கும் வெறுமையாகத் தெரியவில்லை. கணக்கு நாங்கள் சொல்லித் தந்ததன்று. வாசலில் நின்றால் தெரியும் என்றாள்.

நான்கு நாள் கழித்துக் கைப்பேசியில் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் இரண்டு முறை முழுதும் பார்த்தாராம். கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "யாருடி இவன், சிமெண்டுத் தரையில நடக்குற மாதிரி நடக்குறான்? மணல்ல கால் பொதைய வேணாமா?" என்று கேட்டாராம்.

கோவலனின் கால்களைக் கழற்றிவிட்டு நடையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். தைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.