சாத்தனூர் போனால் நீர்மட்டத்தையும் பாருங்கள்

பௌர்ணமி கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை வரும் சொந்தக்காரர்கள் மறுநாள் காலையில் தவறாமல் கேட்பது, "பிள்ளைகளைக் கூட்டிப்போக வேறு என்ன இடம் இருக்கு?" என்பதுதான். வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் நம்முடையது. ஏரியும் கிணறும் மழை பெய்தால்தான் உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் சாத்தனூர் அணைக்குத்தான் போக வேண்டும். தண்டராம்பட்டு வழியாக ஒரு மணி நேரப் பயணம்.

நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரியைக் கடந்து வரும் தென்பெண்ணையை இங்கே மலைகளுக்கு நடுவே மறித்திருக்கிறார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-இல் பயன்பாட்டுக்கு வந்த அணை. பூங்கா, முதலைப் பண்ணை, சுடச்சுட வறுத்த மீன் என்று ஒரு பகல் போவதே தெரியாது.

சென்ற தை மாதம் என் தங்கை குடும்பத்தோடு போயிருந்தேன். பிள்ளைகள் முதலையை விட்டு நகரவில்லை. திருக்கோவிலூர் பக்கம் கடைமடையில் பயிர் செய்யும் மாப்பிள்ளை மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "மச்சான், இது எத்தனை ஏக்கருக்கு வரும்?" என்று கேட்டார்.

மீன் மடித்து வந்த தாளிலேயே கணக்குப் போட்டேன். முழுக் கொள்ளளவு 119 அடி, 7,321 மில்லியன் கன அடி. ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 43,560 கன அடி வேண்டும். அப்படியானால் 1.68 லட்சம் ஏக்கரில் ஓர் அடி நிறுத்தலாம். நெல்லுக்கு விதைப்பு முதல் அறுவடை வரை சுமார் 4 அடி தேவை. 42,000 ஏக்கரோடு தீர்ந்துவிடும். மல்லாட்டைக்கு 2 அடிக்கும் குறைவு. அதே தண்ணீர் இரண்டு மடங்கு நிலத்துக்கும் மேலே பாயும். ஆவியாவதும், கால்வாயில் கசிவதும், குடிநீருக்குப் போவதும் இதில் சேரவில்லை.

அவர் சிரிக்கவில்லை. 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை ஆற்றில் போனது. அந்த வேகத்தில் போனால் நிறைந்த அணையே 12 மணி நேரத்தில் காலி. அவருடைய கரும்பும் மோட்டாரும் அன்று போனவைதான். "வேணாம்னப்போ வந்துச்சு, சித்திரையில வேணும்னா வராது" என்றார்.

அந்த வெள்ளத்தை 119 அடி உயர அணை பிடித்து வைக்க முடியாது. பிடிக்க வேண்டிய இடம் நம் ஊர் ஏரியும் பண்ணைக்குட்டையும். ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடந்தால், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கடலூருக்குப் போய்க் கடலில்தான் சேரும். ஐப்பசிக்கு முன்பே ஊர் கூடி அதைப் பார்த்துவிடுங்கள். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள். கிணறு குறைவாக ஊறும் இடத்தில் நெல்லை விட்டு மல்லாட்டைக்கோ கேழ்வரகுக்கோ மாறுங்கள்.

அணைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மழைக்காலம் முடிந்து மார்கழி, தையில் போனால் தண்ணீர் நிறைய இருக்கும். குளிக்கவோ கால் நனைக்கவோ ஆற்றில் இறங்காதீர்கள். முதலைகள் பண்ணைக்குள் மட்டும் இல்லை. பிள்ளைகளிடம் அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள். நாளைக்கு அந்த நிலத்தில் என்ன பயிர் வைப்பது என்று முடிவு செய்யப்போகிறவர்கள் அவர்கள்தான்.